கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு துண்டு பெல்ட்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். முன்னே பின்னே சிலது மறந்தும் போயிருக்கும். போன வருஷம் ஆடிக் காற்று தொடங்கிய சமயம், தூத்துக்குடியில் மாப்பிள்ளையூரணிப் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி நடந்த விஷயம் இது. நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

என் மகன் மெக்கானிக். பல வருஷம் வேறொருவர் பட்டறையில் இருந்துவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தான். வந்ததெல்லாம் லோடு ஆட்டோவும் மீன் வண்டியும்தான். ஒரு நாள் சிவப்பு நிறத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக இருந்தது. ஓட்டி வந்தவர் சாத்தான்குளத்துப் பல் டாக்டரம்மா.

கியர் சரியாக விழவில்லை என்பதுதான் அவர் குறை. கியர் பாக்ஸ் ஒரு ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்குமாம். அதை மவுண்ட் என்கிறார்கள். அந்த ரப்பர் பழசாகித் தொய்ந்துவிட்டால் கியர் பாக்ஸ் அசைந்துகொண்டே இருக்குமாம். பழைய மாதிரியே போடாமல் அதைவிடக் கெட்டியான ரகமாகப் போட்டுத்தரச் சொன்னார் டாக்டரம்மா. "என்னை மாதிரி பழைய கார் வச்சிருக்கவங்க நாலு பேரு இருக்காங்க. இது நல்லா அமைஞ்சா அவங்களையும் இங்கன அனுப்புதேன் தம்பி" என்றார். சந்தோஷத்தில் மகனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாலு கார் வந்துவிட்டால் பட்டறை நிமிர்ந்துவிடும்.

வெளியூரில் சொல்லிவைத்த மவுண்ட் வருவதாகக் காணோம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றியிறக்கும் பெல்ட் கிழிந்தால் அதன் துண்டுகள் பழைய இரும்புக் கடைக்கு வரும். எங்கள் பக்கத்தில் எது ஆடினாலும் அதில் ஒரு துண்டு வெட்டி அடியில் வைப்பார்கள். கிரைண்டருக்கு அடியில் அதுதான், மீன்பிடி வள்ளத்து என்ஜினுக்கு அடியிலும் அதுதான். இரும்புக் கடை அண்ணாச்சி என் மகனிடம், "ஏலே, மலை மாதிரி கரியத் தாங்குது, உன் டாக்டரம்மா காரைத் தாங்காதா?" என்று உசுப்பேற்றிவிட்டார். மகன் ஒரு துண்டு வாங்கி வந்தான். கரித்தூள் போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்தது நான்தான்.

மகன் அதை அளவாக வெட்டிக் கியர் பாக்ஸுக்கு அடியில் மாட்டியதும் டாக்டரம்மா வண்டியை எடுத்துப்போனார். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார்.

"தம்பி, வண்டிய நிப்பாட்டுனா அதிர்ற அதிர்ல, கண்ணாடியில பாத்தா பின்னால வார லாரி நாலா தெரியுது. ஊர்ல உள்ளவங்க பல்ல நான் பாக்கேன். இந்தக் கார்ல போனா என் பல்ல யாரு பாக்க?"

"ஓட ஓடச் சரியாயிரும் மேடம்" என்றான் மகன். பெல்ட் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அவர் அதை ஏற்கவில்லை. "உங்களுக்கு உங்க வேலை நல்லாத்தான் இருக்கும். அம்மா, நீங்க வந்து உக்காருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுக்கவும் தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கீழே தரையில் உட்காருவதுபோல உள்ளே இறங்கினேன்.

உப்பளத்து ரோட்டில் கொஞ்ச தூரம் போனோம். ஓடும்போது தேவலை. ஒரு திருப்பத்தில் நின்றபோதுதான் மாவு மில்லில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. என் வளையல்கள் தன்னால் சத்தம் போட்டன. ஆனாலும் எனக்குப் பயத்தைவிட ஒரு கேள்விதான் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. எப்படி வாயைத் திறந்தேனோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"மெத்துன்னு இருந்ததை எதுக்கும்மா கெட்டியாக்கணும்?"

அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துக் கியர்க் கம்பியின் மேல் வைத்தார். "பழைய ரப்பர்ல, ஆக்ஸிலேட்டர் மிதிச்சா இந்தக் கம்பி ஒரு பக்கம் சாயும், விட்டா திரும்பி வரும். இப்ப பாருங்க, அசையுதா?" அசையவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். "அதுக்குத்தான் பெல்ட்டை வச்சானோ. தேச்சுத் தேச்சுக் கழுவினேன், கரி போகவே மாட்டேன்னுட்டு" என்றேன்.

கார் நின்றது. "எந்த பெல்ட்டும்மா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியூர்ச் சாமான்தான் போட்டிருப்பதாக அவர் நினைத்திருக்கிறார். அவர் காரைத் திருப்பினார். ஒரு நாளும் பேசாதவள் பேசிப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

கொட்டகைக்கு வந்ததும் டாக்டரம்மா மகனிடம் சொன்னது இதுதான்: "கழட்டுங்க தம்பி. எனக்கு அதப் பாக்கணும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு காரைத் தூக்கி நிறுத்தி, பழைய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, அடியில் படுத்தான். டாக்டரம்மாவும் சுடிதாரோடு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கழற்றிய துண்டை இருவருமாகக் கத்தியால் வெட்டிப் பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே அடுக்கடுக்காகக் கித்தான் துணி. கட்டைவிரலால் அமுக்கினால் கல் மாதிரி இருந்தது.

மகன்தான் மெதுவாகச் சொன்னான். "இழுத்தா அறுந்துராம இருக்கதுக்குத்தான் இந்தத் துணி மேடம். நசுங்கி எழும்புததுக்கு இல்ல. நான் யோசிக்காமப் போயிட்டேன்."

"பெல்ட்டு வச்சதுல எனக்குக் கோவமில்ல தம்பி. சொல்லாம வச்சீங்க பாத்தீங்களா, அதுதான்" என்றார் அவர். குரல் உயரவில்லை. எழுந்து தூசியைத் தட்டிவிட்டுச் சாவியை அவன் கையிலேயே கொடுத்தார். "சாமான் வரட்டும். வண்டி இங்கனயே நிக்கட்டும்." பிறகு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது மகன், "யம்மா, நீ ஒருநாளும் வாயத் திறக்க மாட்டியே. திறந்த அன்னைக்குப் பாரேன்" என்றான். சொல்லும்போதே சிரித்துவிட்டான்.

மவுண்ட் வந்து சேர்ந்தது. தேன் நிறத்தில், அமுக்கினால் கொஞ்சம் அமுங்கித் திரும்ப எழும்புகிற பொருள். போல்ட்டுகளை உடனே இறுக்காமல், என்ஜினைச் சற்று ஓடவிட்டு அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்கினான். டாக்டரம்மா மறுபடியும் என்னை உட்காரவைத்தார். நிற்கும்போது லேசான அதிர்வு இன்னும் இருந்தது. அதைச் சொன்னேன்.

"இம்புட்டு இருக்கட்டும்மா. கியரு சொன்ன பேச்சு கேக்குதுல்லா" என்றார்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் இதுவரை வந்திருக்கிறார்கள். இப்போது என்ன போட்டாலும் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுத்தான் மகன் மாட்டுகிறான். நானும் பக்கத்தில் போய், இது எதற்கு என்று கேட்கிறேன். கோபப்பட வேண்டிய இடத்தில் ஒருத்தி, கழட்டுங்க பாக்கணும் என்று தரையில் படுத்தாளே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ரப்பர் விஷயத்தையும் கியர் விஷயத்தையும் நான் தப்பாக எழுதியிருந்தால், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். மகனிடம் கேட்டிருக்கலாம், ஆனால் நான் எழுதுவது அவனுக்குத் தெரிந்துவிடும்.