கால்சட்டை மாற்றப் போனவர்

மழைக்காற்றில் சாய்ந்த அயனி மரம் ஒன்று கருங்கல் ஊருக்கு அருகே சாலையை அடைத்துக் கிடந்தது. நாகர்கோவிலில் எனக்கு நேர்முகத் தேர்வு. பேருந்திலிருந்து இறங்கி நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன்.

மரம் வெட்டுகிறவர் ஸ்கூட்டரில் வந்தார். ஒடிசலான உடம்பு, ஐம்பது வயதிருக்கும். மெஷின் வாளைத் தரையில் வைத்துவிட்டு, கனத்த காப்புக் கால்சட்டையை மாட்டினார். பிறகு தலைக்கவசம், காதடைப்பான், கையுறை. எங்களை எல்லாம் தள்ளி நிறுத்தினார். ஒருவர் முன்னே வந்தாலும் மெஷினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பொண்ணு பாக்கவா போறீரு? சீக்கிரம் வெட்டும்!" என்று கத்தினேன். கூட்டம் சிரித்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவசரம்னா நடந்து போவும். காலு எனக்க காலாக்கும்."

மூன்று துண்டுகளை அறுத்து உருட்டினார். நான்காவதை அறுக்கும்போது, வளைந்து அழுந்திக் கிடந்த கிளை தெறித்து வாளைத் தட்டியது. ஓடிக்கொண்டிருந்த வாள் அவர் தொடையில் இறங்கியது. கால்சட்டைக்குள்ளிருந்த நூல்கள் வாளின் பல்சங்கிலியில் சுற்றிக்கொள்ள, வாள் சட்டென்று நின்றது. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னும் ஒரு துண்டுதானே, முடிச்சிட்டுப் போவும்" என்றார் பேருந்து ஓட்டுநர்.

"கிழிஞ்சத உடுத்து வெட்ட மாட்டேன். வீட்டுல வேற ஒண்ணு கெடக்கு, எடுத்துட்டு வாறேன்."

ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

ஏன் தாமதம் என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். ஒருவர் கால்சட்டை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்தேன் என்று நிமிர்ந்து சொன்னேன்.