சத்தம் போட்டுப் படிக்கிறவன்

எங்கள் கல்லூரிப் பேருந்து ஒன்று தினமும் காலையில் ஆரணியில், எங்கள் தெருமுனையிலேயே நின்று ஆள் ஏற்றிக்கொள்ளும். பெரியபாளையம் வழியாகப் போய், திருவள்ளூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே கட்டியிருந்த கல்லூரியில் இறக்கிவிடும். சாயந்திரம் அதே வழியில் திரும்பும். எங்கள் தெருவிலிருந்து பொறியியல் படிக்கப் போன ஒரே ஆள் நான். ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போனவர்களில் அந்தப் பேருந்தில் ஏறாத ஒரே ஆளும் நான்தான். நான் விடுதியில் இருந்தேன்.

ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஆரணியா என்று கேட்பார்கள். இல்லை, இது பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணி என்பேன். உடனே முகம் மாறிவிடும். "அட, இங்க இருக்கிற ஊரு. அப்புறம் எதுக்கு ஆஸ்டலு?" என்பார்கள். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் நானும் முதல் செமஸ்டர் முழுக்கக் குடித்தனம் செய்தேன். சாயந்திரம் ஆனால் விடுதி ஜன்னலில் நின்று, எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு அந்தப் பேருந்து கிளம்புவதைப் பார்ப்பேன். தூரத்து ஊர்ப் பையன்களுக்கு வீட்டு ஏக்கம் என்றால் நாலு பேர் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு ஏங்குகிறவனுக்கு என்ன மரியாதை இருக்கிறது? வெளியில் சொல்லவும் முடியாது.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலையில் வேலை செய்தார். மற்றவர்கள் ஷிப்ட் மாறி மாறிப் போவார்கள். அவர் மட்டும் நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உலைச் சூட்டோடு வெயில் சூட்டையும் சேர்த்துத் தாங்க முடியாது என்பது அவர் கணக்கு. காலையில் கம்பெனி வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். குளித்து, நாஷ்டா முடித்து, பாயைப் போட்டுப் படுப்பார். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் தடுப்பும்தான். அவர் தூங்கும் அறைதான் நான் படிக்கும் அறை.

நானோ சத்தம் போட்டுப் படிக்கிற சாதி. வாயால் சொல்லிக் காதால் கேட்டால்தான் எதுவும் எனக்குள் இறங்கும். அதற்கென்று ஒரு ராகமும் வைத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அதே ராகம்தான். வரலாறு, வேதியியல், திருக்குறள் எல்லாம் ஒரே மெட்டில் போகும். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் தலைமாட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவேன். அவர் எழுந்து வேலைக்குக் கிளம்பும் வரை ஓயமாட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய ஒரு நாள். இயற்பியலில் ஏதோ ஒரு விதியைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா திடுக்கென்று விழித்து உட்கார்ந்தார். என்னை உற்றுப் பார்த்தார். எழுந்து வெளியே போய் அடிகுழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் உள்ளே வரவே இல்லை. சில மாதம் கழித்துக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, சேர்க்கை மேசையில் இருந்தவர் பேருந்து வசதியைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா குறுக்கிட்டு, "இல்ல சார், ஆஸ்டல் போடுங்க" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. ராத்திரியெல்லாம் நெருப்பில் வெந்துவிட்டு வருகிற மனுசனுக்கு என் தொல்லை தாங்கவில்லை. நிம்மதியாகத் தூங்கணும் என்று என்னை வெளியேற்றிவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை, அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

விடுதி அறையில் மூன்று இரும்புக் கட்டில்கள். ஒன்றில் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த விவசாய வீட்டுப் பையன். கட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் தூங்கக்கூடிய வரம் பெற்றவன். இன்னொன்றில் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பையன். அவன் வாப்பா கருவாட்டு மண்டி வைத்திருந்தார். விடுதியோ சுத்த சைவம். முதல் வாரமே சாம்பாரைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "ஏரியத் தூர் வாரினா கூட இதவிட எதனா கெடைக்கும்" என்றான்.

சாயந்திரம் ஏழு மணிக்குப் படிப்பு நேரம் என்று மணி அடிப்பார்கள். முதல் நாள் நான் என் வழக்கப்படி சப்பணமிட்டு உட்கார்ந்து, பொறியியல் இயக்கவியல் புத்தகத்தை எடுத்து, பழைய ராகத்திலேயே ஆங்கிலத்தை ஆரம்பித்தேன். ஒரு பத்தி தாண்டியிருக்கும். பொதட்டூர்பேட்டைக்காரன் விழித்துக்கொண்டான். அதுவே ஒரு சாதனை என்று பிற்பாடு தெரிந்தது. பழவேற்காட்டுக்காரன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற?"

"படிக்கிறேன்."

"படிக்கிறியா? நீ பேசாம எங்க ஊருக்கு வந்துடு. பள்ளிவாசல்ல மைக்கு செலவு மிச்சம்."

பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருத்தன் என்னை இன்னொரு முறை பாடச் சொன்னான். அன்று எனக்குப் பூசாரி என்று பெயர் விழுந்தது. நாலு வருடமும் அந்தப் பெயர் என்னைவிட ஒழுங்காகக் கல்லூரிக்கு வந்தது. கடைசியில் வார்டனும் வந்தார். கணக்கு வாத்தியார். "தம்பி, இன்ஜினியர் ஆகப் போறவன் கண்ணால படிக்கணும். வாயால படிக்கிறது எல்.கே.ஜி." என்றார். அவருடைய வகுப்பில் நான் கடைசிவரை எல்.கே.ஜி.யாகவே இருந்தது வேறு விஷயம்.

அதிலிருந்து கண்ணால் படித்தேன். கண் வரிக்கு வரி போகும், பக்கத்துக்குப் பக்கம் போகும், அறிவு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதுவரை வகுப்பில் பேர் எடுத்தவன், முதல் உள்தேர்விலேயே மூன்று தாள்களில் கவிழ்ந்தேன்.

வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். விடுதி வராந்தாவில் ஒரு ரூபாய் போடும் போன் இருந்தது. அதிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பாவைப் போனுக்கு வரச்சொல்வேன். சாப்பாடு சரியில்லை என்றேன். அடுத்த ஞாயிறு அம்மா ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பினாள். தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றேன். கேனோடு தண்ணீர் வந்தது. கொசு என்றேன், வலை வந்தது. என் ஒவ்வொரு புகாரும் விடுதியில் என் வசதியைப் பெருக்கியதே தவிர என்னை அங்கிருந்து நகர்த்தவில்லை. எங்கள் தளத்திலேயே சொகுசாக வாழ்ந்த ஆள் நான்தான். கடைசியில் நேராகவே கேட்டேன்.

"பஸ்தான் நம்ம தெருவுக்கே வருதுப்பா. வந்து போயிடறேனே."

"அலுப்புல படிப்பு ஏறாதுடா. ஆஸ்டல்ல அமைதியா இருக்குது இல்ல?"

"இருக்குது."

"அப்புறம் இன்னா? படி."

போனை வைத்துவிட்டார். அமைதி அவருக்கு அல்லவா கிடைத்திருக்கிறது, அதை ஏன் என் தலையில் கட்டுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

செமஸ்டர் தேர்வுக்குப் படிக்க விடுமுறை விட்டார்கள். பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்தேன். இந்த முறை அப்பாவைச் சம்மதிக்க வைக்காமல் திரும்புவதில்லை என்று இருந்தேன். அதற்கு ஒரு திட்டமும் வைத்திருந்தேன். எனக்குத்தான் இப்போது கண்ணால் படிக்கத் தெரியுமே. அவர் தூக்கத்துக்கு என்னால் எள்ளளவும் பங்கம் வராது என்று நிரூபித்துவிட்டால், என்னை வெளியே வைத்திருக்க என்ன காரணம் மிச்சம் இருக்கும்?

மறுநாள் காலை அப்பா வேலையிலிருந்து வந்தார். கண் இரண்டும் மிளகாய் அரைத்த அம்மிபோல் சிவந்திருந்தன. முன்னைவிட இளைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தேன். உதடுகூட அசையாமல் படித்தேன். பக்கத்தைத் திருப்பும்போது சத்தம் வராமல் இருக்க விரலை நக்கித் திருப்பினேன். அப்படி ஒரு நல்ல பிள்ளை எந்த வீட்டிலும் இருந்திருக்க முடியாது.

அப்பா இந்தப் பக்கம் புரண்டார். அந்தப் பக்கம் புரண்டார். தலையணையைத் திருப்பிப் போட்டார். எழுந்து தண்ணீர் குடித்தார். மறுபடி படுத்தார். வெகுநேரம் கழித்துக் கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னாடா, படிக்கலயா?"

"படிச்சிக்கினுதான்பா கீறேன்."

"சத்தமே காணோம்?"

"மனசுக்குள்ள படிக்கிறேன். இப்போல்லாம் அப்டித்தான்."

"ஓ" என்றார். அந்த ஓவில் பெருமை இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அம்மா சமையல் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீ போனதுல இருந்து இப்டித்தான். பகல்ல ஒரு பொட்டுத் தூக்கம் கெடையாது. எழுந்து எழுந்து உக்காந்துக்கினு, ஒரே பேஜாரு. போன மாசம் மில்லுல நின்ன எடத்துலயே கண்ணு சொருகிட்டாராம். பக்கத்துல இருந்தவரு புடிச்சி இழுத்திருக்காரு. இல்லன்னா கம்பி கால்ல ஏறி இருக்கும்."

நான் புத்தகத்தை மூடினேன். "நான் இல்லாதப்போ நிம்மதியா தூங்குவாருன்னு இல்ல நெனச்சேன்?"

"நிம்மதியாவா? உனக்கு இன்னா தெரியும். நீ பள்ளிக்கூடம் உட்டு வர வரைக்கும் இப்டித்தான் புரண்டுக்கினு கெடப்பாரு. நீ வந்து உன் பாட்ட ஆரம்பிச்சாதான் கண்ணே அசரும்."

"அப்புறம் எதுக்கு என்னய ஆஸ்டல்ல போட்டாரு?"

அம்மா சிரித்தாள். சிரிக்கிற விஷயமில்லை என்று அவளுக்கும் தெரியும். "உன் பன்னெண்டாவது பரீட்ச சமயத்துல ஒரு நாளு அவரு குறட்ட சத்தத்துல அவரே முழிச்சிக்கினாரு. பாத்தா நீ கத்திக்கினு கீற. நம்ம குறட்டைய மீறிப் படிக்கணும்னுதான் புள்ள தெனம் இந்தக் கத்து கத்தறான்னு நெனச்சிக்கினாரு. தொண்டைல ரத்தம் வந்துடும்னு அன்னிக்கெல்லாம் அதே பேச்சு. அமைதியான எடத்துல போட்டுடணும்னாரு. நான் சொன்னா கேக்கற ஆளா அவரு?"

இத்தனை மாதமாக நான் அவர்மேல் வளர்த்த கோபத்தைக் கொட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என்னால் அவருக்குத் தூக்கம் கெடுகிறது என்று நான். அவரால் எனக்குப் படிப்பு கெடுகிறது என்று அவர். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கல்லூரி விடுதி கொழுத்தது.

அப்பா திரும்பி வந்து மறுபடி படுத்ததும், இயக்கவியல் புத்தகத்தை எடுத்துப் பழைய ராகத்தில் ஆரம்பித்தேன். ஆங்கிலம் என்பதால் அவருக்கு ஒரு வார்த்தை புரிய வழியில்லை. இரண்டாவது பத்தி முடியும் முன் குறட்டை கிளம்பியது. பொழுது சாயும் வரை தூங்கினார். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. நான் காத்திருந்த நேரம் அதுதான். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இங்கிலீஷுலயே சும்மா தண்ணி மாதிரி படிக்கிற. முன்ன தமிழ்ல படிச்சதவிட நல்லா கீது. ஆஸ்டல்ல போட்டது வீண் போவல." அம்மா பக்கம் திரும்பி, "நாலு வருசமும் அங்கயே இருக்கட்டும். நல்ல எடம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைப் பிடுங்கிக்கொண்டு என் வேண்டுதலைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாளும் அதே மாதிரி படுத்தார், அதே மாதிரி படித்தேன், அதே மாதிரி தூங்கினார். விசைகள், உராய்வு, சாய்தளம் என்று போய்க்கொண்டிருந்த வாசிப்பு எந்த இடத்தில் திசை மாறியது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. ராகம் மாறவில்லை, குரலும் ஏறி இறங்கவில்லை. புத்தகம் மடியில் விரிந்திருக்க, அதே மெட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா, எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, அங்கே எனக்குப் படிப்பு வரவில்லை, மூன்று தாளில் போய்விட்டது, நான் வீட்டோடு வந்துவிடுகிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன், நீங்கள் குறட்டை விட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன், நீங்கள் தூங்குங்கள், மில்லில் தூங்காதீர்கள்.

அவர் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் தடுப்புப் பக்கம் அம்மா மாவுக் கையோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். குறட்டை சட்டென்று அறுந்தது, அப்பா லேசாகப் புரண்டார்.

"நிறுத்தாதடா, படி" என்றாள் அம்மா.