பெட்டியக்கா கடைப் பலகை

பெட்டியக்காவுக்குக் கோபம் வந்தால் ரம்பம் நின்றுவிடும். அன்று காலையிலிருந்தே ரம்பம் ஓடவில்லை.

பக்கத்துக் கடை ஃபோட்டோக்காரர் கட்டடத்துச் சொந்தக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியக்கா கடை வாசலில் ‘சவப்பெட்டி கிடைக்கும்’ என்று எழுதியிருப்பதுதான் ஃபோட்டோக்காரருக்குக் கண் உறுத்தல். பெண்ணும் மாப்பிள்ளையும் படம் எடுத்துக்கொள்ள வருகிற இடமாம். அந்த வார்த்தையைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிடுகிறதாம்.

“அந்த வார்த்தை உங்க வாயில வந்ததே இல்லையாண்ணே?” என்று பாய்ந்தாள் பெட்டியக்கா. “உங்க இருட்டு ரூமை சவப்பெட்டின்னு நீங்களே சொல்லலையா? ஓடாத வண்டி சவப்பெட்டி. நடுவுல நிக்கிற லிஃப்ட் சவப்பெட்டி. எலெக்‌ஷன்ல ஒருத்தன் தோத்தா, பேப்பர்ல அவனோட சவப்பெட்டிக்குக் கடைசி ஆணி அடிக்கிறாங்க. எல்லாரும் சொல்லலாம், செய்யிறவ மட்டும் சொல்லக் கூடாதா?”

சொந்தக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “வார்த்தையை மாத்திக்கம்மா. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க.”

புருஷனுக்கு இடுப்பு விட்டுப்போனதும் இழைப்புளியைக் கையில் எடுத்தவள் பெட்டியக்கா. அழுதுகொண்டு வருகிறவர்கள் பேச முடியாமல் ‘அது ஒண்ணு வேணும்’ என்பார்கள்; அதில் நியாயம் உண்டு. தொண்டை அடைக்காதவனுக்கு என்ன வந்தது? ஆனால் இந்தத் தொழிலுக்கு வேறு யார் இடம் தருவார்கள்? ‘மரவேலைகள் செய்து தரப்படும்’ என்று மொட்டையாக எழுதி மாட்டினாள்.

அடுத்த வாரமே ஓர் இளம் ஜோடி வந்தது. பெண்ணுக்கு நிறைமாதம். தொட்டில் வேண்டுமாம். புருஷன் மரத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மேசைப் பக்கம் போய்விட்டாள். காலையில்தான் உள்ளே பஞ்சும் வெள்ளைத் துணியும் வைத்து முடித்த சின்னப் பெட்டி அங்கே இருந்தது. மூடி இன்னும் பொருத்தவில்லை. அவள் உள்ளே கைவிட்டு அழுத்திப் பார்த்தாள்.

“எவ்வளவு மெத்துன்னு இருக்கு! அக்கா, இதையே குடுத்துடுங்களேன். அளவுகூட சரியா இருக்கும்.”

அத்தனை பேச்சுப் பேசிய பெட்டியக்காவுக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு வரவில்லை.

“அது... வேற ஒருத்தரோடதும்மா. கையை எடுத்துடு தாயே.”

எதையோ சொல்லி அவர்களை அனுப்பிவைத்தாள். பிறகு ஏணியைப் போட்டுப் பலகையைக் கழற்றினாள். பழைய வார்த்தையையே முன்னைவிடப் பெரிதாக எழுதினாள்.

ஃபோட்டோக்காரர் ஓடிவந்தார். “என்னம்மா இது? அன்னிக்குப் பேசினது என்ன, இப்ப நீ செய்யிறது என்ன?”

“காலி பண்ணச் சொல்லுங்க, பண்றேன். சாயந்திரம் ஒரு தகப்பன் வந்து தூக்கிட்டுப் போகப்போற பெட்டி அண்ணே அது. அதைத் தடவிப் பாத்து, தன் பிள்ளைக்குக் குடுன்னு கேட்டுட்டுப் போறா ஒருத்தி. உங்க படத்துல யாருக்கும் முகம் சுருங்கக் கூடாதுன்னுதானே, வாசல்ல ஒரு வார்த்தை இல்லாம நான் அவளை உள்ளே விட்டேன்?”