கிளப் தெரு கடைசியில்

நகராட்சித் தெருவிளக்குப் பிரிவில் அவளை 'லைட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பிரிவில் ஏணி வைத்துக் கம்பம் ஏறிய முதல் பெண். அப்போதைய மேற்பார்வையாளர் வாய் நிறைய "அம்மா, அம்மா" என்பார். காரியம் என்று வந்தால் காது கேட்காது.

தையல் ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து. பேருக்குக்கூட விளக்கு இல்லை. லைட்டம்மாவின் தங்கையும் அந்த ஆலையில்தான் தைத்தாள்.

"சார், அந்தச் சந்துக்கு முதல்ல விளக்குப் போட்டுடலாம்."

"இருட்டினப்புறம் பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை? கிளப் தெருவுல பெரிய மனுஷங்க கார் நிறுத்துறாங்க. அதப் பாரும்மா."

அந்த மழைக்காலத்தில் ஒருவன் தங்கையைச் சந்தில் மடக்கினான். உதறிக்கொண்டு ஓடியவள் சாக்கடையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு கோணலாகக் கூடியது, தையல் வேலை போயிற்று.

"பாத்துப் போயிருக்கணும்," என்றார் அவர்.

லைட்டம்மா மனசுக்குள் கருவிக்கொண்டாள்.

அவர் ஓய்வு பெற்றபின், பரீட்சை எழுதி, ஆண்களின் முணுமுணுப்பைத் தாண்டி, அதே நாற்காலிக்கு வந்தாள். முதல் வேலை சந்து. பிறகு பிரசவ ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிறுத்தங்கள். கிளப் தெரு விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின, அவள் தொடவில்லை. அவர் வீடு அங்கேதான்.

போன் மேல் போன் போட்டுப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளி பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"என்னம்மா, நம்ம தெருவை மறந்துட்டியே."

"மறக்கல சார். ஞாபகம் வச்சுதான் கடைசியில போட்டிருக்கேன்."

அவர் முகம் சுண்டியதைப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அடுத்த வாரம் அவர் மனைவி வந்தார்.

"அவர் பொழுது சாயறதுக்குள்ள கதவைச் சாத்திட்டு டிவி பாக்குறாரும்மா. மருந்துக்கும் பாலுக்கும் இருட்டுல போறது நான்."

இதை லைட்டம்மா நினைத்தே பார்க்கவில்லை.

"எந்த வழியாம்மா போவீங்க?"

"பின்கதவைத் திறந்து, குறுக்குச் சந்துல."

மறுநாளே குறுக்குச் சந்தில் கடைவரைக்கும் விளக்கு எரிந்தது. முன்வாசல் பக்கம் ஒரு பல்புகூட மாறவில்லை.

பழைய மேற்பார்வையாளர் மேலிடத்தில் புகார் செய்தார். பெண்கள் நடமாட்டத்தை வைத்து வரிசை போட்டதாக அவள் விளக்கம் கொடுத்தாள். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. தங்கையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா அவரை இருட்டுல வைக்கப்போறே?"

"நான் அந்த நாற்காலியில இருக்கிறவரைக்கும்."

தங்கை சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.