மதினி ரொக்கம் கொடுத்து வாங்கிய டிஜிட்டல் காசு

என் மதினி, அதாவது அண்ணன் பெண்டாட்டி பொன்னுத்தங்கத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் 'இவள் வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள்' என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேச வேண்டாம். வயிற்றெரிச்சல் உண்டுதான். பதினோரு வருஷம் அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு வாய்கூட அவள் கண் படாமல் உள்ளே இறங்கியதில்லை.

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற வழியில் மதினிக்கு ஒரு குடோன் இருக்கிறது. கம்பெனிகளில் மத்தாப்பும் புஸ்வாணமும் வாங்கி, கிப்ட் பாக்ஸில் அடுக்கி, வெளியூர் ஆர்டருக்கு லோடு ஏற்றுவாள். அங்கே ஆறு பெண்களுக்கு வாரக்கூலி. ஏழாவது ஆளான எனக்குச் சோறு மட்டும். புருஷன் விட்டுவிட்டுப் போன நாத்தனாருக்கு அதுவே அதிகம் என்பது அவள் நினைப்பு.

என் அண்ணன் வெள்ளைத்துரையும் ஒன்றும் யோக்கியன் இல்லை. சொந்தமாக வெடி கம்பெனி வைக்கிறேன் என்று இரண்டு தடவை மூழ்கினான். முதல் தடவை மதினியின் சங்கிலி போனது, அடுத்த தடவை வளையல்கள். அப்பா வீட்டில் இருந்த என் பங்கையும் "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டான். இப்போது மூன்றாவது கம்பெனிக்கு இடம் பார்க்கிறான்.

ஒன்பது சீசனாக மதினி அவனுக்குத் தெரியாமல் சேர்த்தது ஏழு லட்சம். அரிசி டிரம்முக்குள் இருந்தது. அவள் மகள் ஸ்ரீமதி பிளஸ் டூ படிக்கிறாள். ஜூன் மாதம் பிசியோதெரபியில் சேர அந்தப் பணம்தான் வழி. வங்கியில் போடலாம் என்றால் அங்கே வேலை பார்ப்பவன் அண்ணனுக்குச் சீட்டாட்டக் கூட்டாளி. நகையாக வாங்கினால் அண்ணனுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

கிரிப்டோ பற்றிச் சொன்னவள் ஸ்ரீமதி. டாலர் விலையை ஒட்டியே நிற்கிற நாணயம் ஒன்று இருக்கிறதாம். போனுக்குள்ளேயே இருக்கும், நேரில் ரொக்கம் கொடுத்து வாங்கலாம், தேவைப்படும்போது விற்றுக்கொள்ளலாம் என்றாள். மதினி ஒரு மாதம் அவளைக் குடைந்து குடைந்து கேட்டாள். பிறகுதான் அந்தக் காசைப் போட்டுவைக்கப் போனில் ஒரு வாலட் தொடங்க ஒத்துக்கொண்டாள்.

வாலட் தொடங்கியதும் திரையில் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. அவைதான் சாவி. போன் தொலைந்தாலும் அந்த வார்த்தைகளை வரிசையாக அடித்தால் வேறு எந்தப் போனிலும் பணத்தைத் திறந்துவிடலாம். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அதனால் தாளில் எழுதி ஒளித்து வைக்கவேண்டும், ஒருவர் கண்ணிலும் காட்டக்கூடாது.

மதினி என்னைக் கூப்பிட்டாள். என் கை ராசியான கை என்பது எங்கள் குடோனில் எல்லாருக்கும் நம்பிக்கை. சீசனில் முதல் பெட்டியை நான்தான் அடுக்கவேண்டும், புதுக்கணக்கில் முதல் வரியை நான்தான் எழுதவேண்டும். அந்த ராசி எனக்கு மட்டும் வேலை செய்யாமல் போனது தனிக் கதை.

"ஏம்மா, அத்தைய எதுக்குக் கூப்பிடுதீக? இத யாருமே பாக்கக் கூடாதும்மா" என்றாள் ஸ்ரீமதி.

"அவ கையால எழுதுனாத்தான் தங்கும். எழுதிட்டுப் போகட்டும். அவளுக்கு இங்கிலீசுல என்ன தெரியும்? எழுத்தப் பாத்து எழுத்தா வரைவா, அம்புட்டுத்தான்."

என் முகத்துக்கு நேரேதான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் நான் சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் புரூப் பார்த்தவள். இங்கிலீஷ் எழுத்தைத் தலைகீழாக வைத்தாலும் வாசிப்பேன். என்ன வேலை பார்த்தாய் என்று இந்தப் பதினோரு வருஷத்தில் மதினி ஒரு நாள் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. தாளில் பிள்ளையார் சுழி போட்டு, பன்னிரண்டையும் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே மனதில் ஏறிவிட்டன.

மறுநாள் ராசிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போக, விருதுநகரில் வாங்கினோம். விற்க வந்தவன் பெயர் தருண்குமார். முதலில் லாட்ஜ் அறைக்கு வரச்சொன்னான், அப்புறம் காருக்குள் முடித்துக்கொள்ளலாம் என்றான். "ஒன் கார்ல ஏத்துறதுக்கு நான் என்ன லோடா?" என்று போனிலேயே அவனைக் கடித்தாள் மதினி. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, ரயில் நிலையம் பக்கத்து ஹோட்டலில், கேமராவுக்கு நேர் கீழே இருந்த மேசைக்கு அவனை வரவழைத்தாள். அவன் ஒரு கூட்டாளியோடு வந்தான். கூட்டாளியை நாலு மேசை தள்ளிப் போய் உட்காரச் சொன்னாள்.

"போனக் குடுங்கக்கா, நானே எல்லாம் செட் பண்ணித் தாரேன்."

"கைய எடுலே. தொட்டேன்னா இங்கனயே கத்துவேன்."

முதலில் ஐநூறு ரூபாய்க்கு மட்டும் அனுப்பச் சொன்னாள். வாலட் முகவரியின் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஸ்ரீமதி வாசிக்க, அவன் போனில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். போயாச்சு என்று அவன் தன் போனைக் காட்டினான். "ஒன் படத்த நீயே பாரு. ஏம் போன்ல வரட்டும்" என்றாள். வந்த பிறகும் விடவில்லை. பட்டுவாடா உறுதியாகிவிட்டதா என்று ஸ்ரீமதியை இன்னொரு இணையதளத்தில் பார்க்கச் சொன்னாள். அதன் பிறகு லட்சம் லட்சமாக. ஒரு நோட்டுக் கட்டை எண்ணக் கொடுப்பாள், எண்ணி முடித்ததும் தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொள்வாள், போனில் வந்து உறுதியான பிறகுதான் முழங்கையை எடுப்பாள். இரண்டு மணி நேரம் ஆனது. அவன் குடித்த காபிக்கு அவனையே காசு கொடுக்க வைத்தாள்.

"ஒங்கள மாதிரி ஆள நான் பாத்ததே இல்லக்கா."

"இனியும் பாக்க மாட்ட. கெளம்பு."

எரிச்சலோடுதான் சொல்கிறேன், அன்றைக்கு அவளைப் பார்த்து மலைத்துப்போனேன். அவ்வளவு பெரிய கில்லாடி, ஊரில் உள்ள கதவை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்திருந்தாள்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு என் போனில் அதே வாலட்டை இறக்கி, பன்னிரண்டு வார்த்தைகளையும் அடித்தேன். ஏழு லட்சமும் என் உள்ளங்கையில் இருந்தது. பதினோரு வருஷக் கூலியைப் போட்டுப் பார்த்தால் இதைவிடக் கூடவே வரும் என்று தோன்றியது. மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் திறந்தேன், மறுபடியும் மூடினேன். பெரிய மனசு எல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை ஒருத்திதான் எனக்கு எடுத்துவைத்த சோறு சூடாக இருக்கிறதா என்று கேட்பவள்.

அதற்குள் ஹோட்டலில் எங்களைப் பார்த்த எவனோ அண்ணனிடம் சொல்லிவிட்டான். அண்ணன் அரிசி டிரம்மைக் கவிழ்த்தான், தலையணைகளைக் கிழித்தான். செல்போன் கடைக்காரன் ஒருவனிடம் சாவி வார்த்தைகளைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டான். நேரே என்னிடம் வந்தான்.

"ஏளா கற்பகம், நீயும் கூடப் போனியாமே. அத அவ எங்கன எழுதி வச்சிருக்கா? சொல்லிரு. ஒம் பங்கத் திருப்பி எழுதித் தாரேன்."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுண்ணே" என்றேன்.

அவன் விடமாட்டான், நானும் எத்தனை நாளைக்குத் தாங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் எனக்கென்று ஒரு பங்கு என்றதும் நாக்கு நுனிவரை வந்துவிட்டதை மறைக்கப்போவதில்லை. குடோனுக்குப் போனேன். மதினி அட்டைப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். எதிரே நின்று பன்னிரண்டு வார்த்தைகளையும் வரிசை மாறாமல் சொன்னேன்.

எண்ணிக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "நீ... தெறந்து பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேன் மதினி. எடுக்கணும்னுதான் பாத்தேன். அண்ணன் கேக்குறாக. இன்னைக்கே மாத்திருங்க."

மதினி ஸ்ரீமதியை வரவழைத்து, என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு புது வாலட் தொடங்கினாள். இந்தத் தடவை அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். ஏழு லட்சமும் அதற்கு மாறிய பிறகுதான் கதவு திறந்தது.

"நாளைக்கு ஒன் சாமானெல்லாம் எடுத்துக்க. இனி நீ இந்த வீட்டுல இருக்கது சரிப்படாது" என்றாள்.

ஒரு நன்றி இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன் என்பது தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது.

மறுநாள் காலை ஸ்ரீமதி என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்ற வந்தாள். அழுதாள். "அம்மா அம்புட்டுப் பேரையும் சந்தேகப்பட்டாக. ஒங்கள மட்டுந்தான் நம்புனாக, அத்தை."

"அது நம்பிக்கை இல்லட்டி. என்னைய ஒரு ஆளாவே நெனைக்கல. நேத்துதான் நெனைச்சா, ஒடனே வெளிய போகச் சொல்லிட்டா."

பஸ் வந்தது. நன்றாகப் படி என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.