மலைக்குப் பின்னால் எழுந்த புகை

2006-ம் வருடம், மாசி மாதம். பூலாம்பாடிக்குப் பக்கத்தில் பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். நான் திருச்சியில் செயற்கைக்கோள் படங்களைப் பற்றிய மேற்படிப்பில் இருந்தேன். 'வானத்துலேர்ந்து போட்டோ புடிக்கிற படிப்பு' என்று ஊரில் கேலி.

அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. வாரம் ஒருமுறைதான் வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். நேற்றுவரை கூலிக்கு வந்த குடும்பம் சொந்தமாகக் கரும்பு போட்டது சிலருக்கு உறுத்தல். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கரும்பு வெட்டிய வயலில் கிடக்கும் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். காற்று அடங்கி, பொழுது சாயும்போதுதான் தீ வைப்பார்கள். அம்மாவும் ஒரு நாள் சாயங்காலம் அப்படித்தான் வைத்தார். தீ தாண்டாதபடி வயலைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட்டு, தண்ணீர்க் குடத்தோடு கடைசிப் பொறி அணையும்வரை நின்றார்.

அன்று இரவே மலைச்சரிவில் தீ இறங்கியது. அடிவாரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டகையும் எரிந்துபோயின. அவிழ்த்துவிட்டதால் மாடுகள் தப்பின. அம்மா வைத்த தீதான் மலையேறித் திரும்பி இறங்கியதாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் காலில் அம்மா விழ வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம் என்றார்கள்.

போனில் அம்மா அழவில்லை. "செய்யாததுக்கு எதுக்குடி விழணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்று தினமும் எங்கள் மலைக்கு மேலேயும் போகும். அது எடுக்கும் படங்களை இணையத்தில் போடுவார்கள். ஊருக்குப் போகும் வழியில் பெரம்பலூரில் இறங்கி ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். படம் ஆமை வேகத்தில் இறங்கியது. அன்றைய படத்தில் மலைக்கு அந்தப் பக்கம் தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளி. அதிலிருந்து புகை மேற்கே நீண்டிருந்தது. காற்று அப்பால் தள்ளியதால் கிழக்கே இருந்த எங்கள் ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூட்டத்தில் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் படித்தார். "இங்க அஞ்சு மணின்னுதான போட்டுருக்கு? சாயங்காலம் அவ கொளுத்துன நேரந்தான். நான் கண்ணால பாத்தனே." கூட்டம் சிரித்தது. அது லண்டன் நேரம் என்றேன். சமாளிக்கிறேன் என்றார்கள். நானே கொண்டுவந்த சாட்சி அம்மாவையே மாட்டிவிட்டது.

அப்போது டீக்கடைக்காரர் எழுந்தார். கிரிக்கெட் ஓடினால் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாத மனிதர். எங்களுக்குச் சொந்தமோ பந்தமோ இல்லை.

"லண்டன்ல காலைல ஆட்டம் ஆரம்பிச்சா, நாம மத்தியானச் சோறு தின்னுட்டுத்தாங்க பாக்குறோம். அங்க விடியக்காலம் அஞ்சுன்னா இங்க பத்து, பத்தரை மணி இருக்கும். இவங்க வச்சது சாயங்காலம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப காலைலயே மலையில எரிஞ்சது யாரு வச்சதுங்க?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி விடுங்க, நடந்தது நடந்துபோச்சு என்று எழுந்தார். கூட்டமும் எழுந்தது. அம்மா வழியை விட்டு நகரவில்லை.

"என்னைய குத்தவாளின்னு இத்தன பேர் முன்னால சொன்னீங்க. இல்லைன்னும் இத்தன பேர் முன்னாலயே சொல்லிட்டுப் போங்க."

அவர் தரையைப் பார்த்தபடி, "நீ வைக்கலம்மா" என்று முணுமுணுத்தார்.

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல" என்றார் அம்மா.

அவர் சத்தமாகச் சொன்னார்.

இப்போது தீயையும் புகையையும் படத்தில் தேடுவதே என் வேலை. சிவப்புப் புள்ளி ஒன்றைக் கண்டால் நேரத்தை இரண்டு முறை பார்க்காமல் யாரையும் கைகாட்ட மாட்டேன். அந்தப் படம் கிடைக்காமல் போயிருந்தாலும் அம்மா விழுந்திருக்க மாட்டார் என்பதுதான், யார் முன்னாலும் நான் நிமிர்ந்து நிற்க இன்றுவரை எனக்குப் போதுமானதாக இருக்கிறது.