சிரட்டையில் பால், குப்பியில் மருந்து

கொரோனா இரண்டாம் அலை நேரம். பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே பள்ளிக்கூடத்தில் காலை பத்து மணிக்குத் தடுப்பூசி முகாம் போட்டார்கள்; எங்களில் ஒருவர்கூடப் போகவில்லை. மலைக்காரர்களுக்குப் பயம் என்று பேசிக்கொண்டார்கள். பயமாவது மண்ணாவது! பத்து மணி நாங்கள் பால் எடுக்கும் நேரம். விட்டால் மரத்தில் கட்டிய சிரட்டையிலேயே உறைந்துவிடும், அன்றைய கூலி போச்சு.

ஏன் வரவில்லை என்று எங்களிடமே கேட்டவர் சுகாதார நிலைய நர்ஸ் ஒருவர்தான். அடுத்த வாரமே மருந்துப் பெட்டியோடு தோட்டத்துக்கு ஏறி வந்துவிட்டார். ஷெட்டில் கஞ்சி குடிக்கிற நேரத்தில், எங்கள் பத்துப் பேரில் என்னையும் சேர்த்து ஆறு பேருக்குப் போட்டார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டுமாம்.

"சிஸ்டரே, எனக்க பாலு உறைஞ்சு போவும்!" என்று எழுந்துவிட்டேன். இதைப் பார்த்து மீதி நாலு பேரும் ஊசி வேண்டாம் என்று வாளியைத் தூக்கிக் கிளம்பினார்கள். குப்பியிலோ அந்த நாலு பேருக்கான மருந்து இருந்தது. வீணானால் மலைக்கு இனி மருந்து கிடையாது என்று மேலதிகாரிகள் சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

"இதுவும் உங்க பாலு மாதிரிதான், கேட்டியளா? திறந்து நாலு மணி நேரம் போனா ஒண்ணுக்கும் ஆவாது" என்றவர், நாலு பேரையும் நிறுத்தினார். "இருக்கியவங்களுக்க பாலை நீங்க எடுங்க. பொறவு நீங்க வந்து ஊசி போட்டு இருங்க, அவங்க எடுப்பாங்க."

எங்களில் ஒருவர் சிரட்டையை இன்னொருவர் தொடவே மாட்டோம். கூலி எடைக்குத்தானே! அதிலும் அந்த நாலு பேரில் என் வாளியை எடுத்தவள் பக்கத்து மரவரிசைக்காரி. என் பால் குறைகிறது, இவள்தான் திருடுகிறாள் என்று சண்டை போட்டு, ஒரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை.

"ஏட்டி, பேசாம இரி. ஒரு சொட்டு குறையாது" என்று ஓடினாள்.

அரை மணி நேரமும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்து வாளியை என் முன்னால் வைத்தாள். தூக்கினேன். வழக்கத்தைவிடக் கனம்! ஒவ்வொரு சிரட்டையையும் வழித்து எடுத்திருக்கிறாள். நான் சாய்த்துவிட்டு ஓடுகிறவள். வருடம் முழுக்கப் பாலைக் குறைத்தது என் அவசரம்தான்.

அவள் ஊசிக்குக் கையை நீட்டி உட்கார்ந்தாள். "தப்பு எனக்கதுதான் மக்கா" என்று சொல்லிவிட்டு, ஊசி போட்ட கை வலிக்க வலிக்க அவள் வரிசைக்கு ஓடினேன். ஒரு சிரட்டையை விடவில்லை! திரும்பி வந்தபோது நர்ஸ் காலிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். கைதட்டலில் ஷெட்டே அதிர்ந்தது.

இன்றும் யாரையாவது சந்தேகப்பட வாய் எடுத்தால், அந்த வாளியின் கனம் கையில் தெரிகிறது; முதலில் என் சிரட்டையை ஒழுங்காக வழித்தேனா என்று பார்த்துக்கொள்கிறேன்.